கொட்டப் பார்த்த நாலு வேளைச் சாப்பாடு

மூன்று வருடங்களுக்கு முன் அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரில் எனக்கு ஏழாம் மாதத்திலேயே மகள் பிறந்துவிட்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். மூன்றாம் நாள் தாய்ப்பால் எடுக்கும் பம்ப் வைத்ததில் மஞ்சளாக ஒரு ஸ்பூன்கூடத் தேறவில்லை. கெட்ட பால் என்று நினைத்து, "கொட்டிட்டு பாட்டில வாஷ் பண்ணிடுங்க" என்று கணவரிடம் கொடுத்தேன்.

"நோ, நோ!" என்று ஓடிவந்து நர்ஸ் அவர் கையைப் பிடித்தாள். மகளுக்கு அன்றுதான் முதல் பால். வேளைக்கு ஒரு மில்லிதானாம். பாட்டிலில் இருந்தது நாலு வேளைச் சாப்பாடாம்! குழாய் வழியே முதல் மில்லி உள்ளே போனது.

"ஊர்ல மாட்டுச் சீம்பாலுக்குச் சண்டை போட்டவன், எம் பொண்ணோடத கொட்டப் பாத்தேனே!" என்று தலையிலடித்துக்கொண்டு சிரித்தார் கணவர்.

இப்போது மகள் டம்ளரில் பாலை மிச்சம் வைத்துவிட்டு ஓடுகிறாள். கொட்ட மனம் வராமல் நானே குடித்துவிடுகிறேன். எடை எனக்குத்தான் ஏறுகிறது!