போண்டாவும் அதைச் சுற்றாத துணுக்கும்

கேண்டீன் மேசையில் உதிர்ந்து கிடக்கும் போண்டாத் துணுக்கைப் பார்த்தால் எனக்கு எங்கள் பழைய ஹெச்.ஓ.டி. ஞாபகம்தான் வரும். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அவர் இயற்பியல் துறைத் தலைவர். நான் அவருக்குக் கீழே விரிவுரையாளர். டீ கிளாஸை மேசை நடுவில் வைப்பார், அது சூரியன். கொஞ்சம் தள்ளி போண்டா, அது பூமி. போண்டாவிலிருந்து உதிர்ந்த மொறுமொறுத் துணுக்கை விரல் நுனியால் தள்ளித் தள்ளி, போண்டாவோடு சேர்த்து கிளாஸைச் சுற்றவைப்பார். பூமியை ஒட்டியே திரியும் ஒரு குட்டி விண்கல் அது. "நம்ம ஆடிட்டோரியம் அளவுதான்யா இருக்கும். நிலாவுலேருந்து பேந்த துண்டுன்னுகூட சொல்றாங்க. அரை மணி நேரத்துக்குள்ள தன்னைத்தானே ஒரு சுத்து சுத்திக்குது, பிரின்சிபால் ரூமுக்கு வெளிய நிக்கிற நம்மள மாதிரி" என்பார்.

அந்தக் கல்லின் மேல் அவருக்கு அவ்வளவு பாசம் வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்லூரியில் வேலைக்குச் சேரும் அன்றே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிடுவார்கள். அவை இல்லாமல் வேறெங்கும் சேர முடியாது. கேட்டால், "உங்க இடத்துக்கு ஒரு ஆளைக் கொண்டாந்து விட்டுட்டு வாங்கிக்கங்க சார்" என்று சிரித்த முகமாகச் சொல்வார்கள். திருச்சியில் நல்ல வேலை கிடைத்த ஹெச்.ஓ.டி. அப்படி ஓர் ஆளைத் தேடிப் பிடித்தார். அந்த அறிவாளி நான்தான். விக்கிரமங்கலத்திலிருந்து பஸ் மாறி வந்து இறங்கிய என்னை இதே கேண்டீனில்தான் உட்காரவைத்தார். "ஒரிஜினலைத் திருப்பிக் கேட்டா குடுத்துருவாங்களா சார்?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "போண்டா ஆறிடப்போவுது, சாப்பிடுங்க தம்பி" என்றார். சாப்பிட்டேன். சான்றிதழ் ஃபைலை ஆபீஸில் இரண்டு கையாலும் நீட்டிக் கொடுத்தேன். மறுநாள் நிர்வாகம் அவரை அழைத்து, "இப்பதான் டிபார்ட்மென்ட் பலமா இருக்கு, ரெண்டு பேருமே இருங்க" என்றது.

அவர் மேல் நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரே பீரோவுக்குள் கிடக்கும் இரண்டு ஃபைல்கள் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? வாரத்தில் இரண்டே நாள் நடை திறக்கும் சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குச் சேர்ந்து போய் வேண்டிக்கொண்டோம். "அம்மனுக்கே திங்களும் வெள்ளியும்தான் டூட்டி. நமக்கு ஆறு நாள்" என்று திரும்பும்போது புலம்பினார். மறுபடி டீ, மறுபடி போண்டா. "பாக்குறவனுக்கு அது பூமியைச் சுத்துற மாதிரிதான் இருக்கும். சுத்தலைய்யா. அது சூரியனைச் சுத்துது, பூமியும் சூரியனைச் சுத்துது, ரெண்டுக்கும் அதே ஒரு வருஷம். கொஞ்சம் முந்தினா பூமி பின்னால இழுக்கும், பிந்தினா முன்னால இழுக்கும். விழவும் விடாது, போவவும் விடாது." சொல்லி முடித்ததும் பூமியைத் தின்று, சூரியனைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போவார். துணுக்கு மட்டும் மேசையில் கிடக்கும்.

ஓய்வு பெற்ற அன்றுதான் அவருக்கு பீரோ திறந்தது. பட்டச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே இதை எவன்யா கேக்கப்போறான்? பேத்திக்குக் கப்பல் செஞ்சு குடுக்கலாம்னா, லேமினேட் வேற பண்ணித் தொலைச்சிருக்கேன்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

இப்போது நான்தான் ஹெச்.ஓ.டி. மனைவியும் மகளும் கோயம்புத்தூரில். அங்கே ஒரு பள்ளியில் எனக்கு வேலை தயார். ஜூனில் ஒரிஜினலோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். "உங்களையும் லேமினேட் பண்ணி பீரோவுல வெச்சுட்டாங்களா?" என்று வாரா வாரம் போனில் கேட்கிறாள் மனைவி. நானும் ஓர் ஆளைத் தேடினேன். சென்ற வாரம் ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு பெண் நேர்காணலுக்கு வந்தார். கெட்டிக்காரி. "இந்தப் பொண்ணு சேந்துட்டா உங்களை ரிலீவ் பண்ணிடுறோம் சார்" என்று ஆபீஸில் சொன்னார்கள், அதே சிரித்த முகத்தோடு.

அந்தப் பெண்ணைக் கேண்டீனில் உட்காரவைத்து டீயும் போண்டாவும் சொன்னேன். ஃபைலை மடியில் அணைத்துக்கொண்டு, "சார், ஒரிஜினலைத் திருப்பிக் கேட்டா குடுத்துருவாங்கள்ல?" என்றார்.

போண்டா ஆறிடப்போவுது. அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் டீ கிளாஸை நடுவில் நகர்த்தினேன். போண்டாவைக் கிள்ளி ஒரு துணுக்கைப் பக்கத்தில் வைத்தேன். கல்லின் கதை முழுவதையும் சொன்னேன்; பீரோவின் கதையையும் சேர்த்து. "ஆபீஸ்ல கேட்டா, ‘வூட்டுல இருக்கு, எடுத்துட்டு வரேன்’னு சொல்லிட்டுக் கிளம்பும்மா. எடுத்துட்டு மட்டும் வந்துடாத."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப நீங்க, சார்?"

"நான் இங்கதான்மா. டீ நல்லா இருக்கும்."

அரியலூர் பஸ் ஹாரன் அடித்ததும் ஃபைலோடு எழுந்து ஓடினார். நான் பூமியைத் தின்று முடித்தேன். சூரியன் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. துணுக்கு அப்படியே கிடந்தது.