சூளை வாசலில் வலது கால்

எங்கள் பீங்கான் பட்டறையில் சூளை ஆறிவிட்டதா என்று சொல்லும் வேலை என் வலது காலுடையதாக இருந்தது. வாசலை அடைத்திருக்கும் செங்கல்லைப் பிரித்ததும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்தரையில் காலை வைப்பேன். பத்து எண்ணும்வரை தாங்கினால் சரக்கை இறக்கலாம். கற்பூரம் காட்டிப் பற்றவைக்கும் சூளை என்பதால் செருப்போடு யாரும் உள்ளே போவதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கால் பொய் சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

நாற்பத்திரண்டு வயதில் எனக்குச் சர்க்கரை என்றார்கள். நான் மதிக்கவே இல்லை. சோதனைக்கு ரத்தம் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது கேழ்வரகுக் கூழும் பாகற்காயுமாக ஒழுங்காகிவிடுவேன். கொடுத்து முடித்ததும் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பரோட்டாவும், சர்க்கரை தூக்கலாய் ஒரு டீயும். மாத்திரை ஞாபகம் வந்த அன்றைக்கு உண்டு. டாக்டரை ஏமாற்றிவிட்டதாக மனசுக்குள் ஒரே குஷி. உள்ளங்காலில் பஞ்சு ஒட்டியது போல இருந்ததைக்கூட, நின்றே வேலை செய்வதால் வந்தது என்று தள்ளிவிட்டேன்.

அன்று நாங்கள் சுட்ட பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஏற்ற சேத்தியாத்தோப்பிலிருந்து வண்டி வந்து நின்றது. முதலாளி அவசரப்படுத்தினார். காலை வைத்தேன். பத்து என்ன, இருபதுவரை எண்ணினேன்.

"ஆறிடுச்சி, வாங்க" என்று குரல் கொடுத்துவிட்டு முதல் ஆளாக உள்ளே போனேன்.

என்னோடு சரக்கு இறக்கும் பெண் பின்னால் வந்து ஒரு காலை வைத்ததும் வெளியே குதித்தாள். "கொதிக்குதுண்ணே. வெளிய வாங்க."

"ஒன்ன பூ மாதிரி வளத்துட்டாங்க" என்று கிண்டல் செய்தபடி இரண்டு அடுக்குச் சரக்கை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

சாயங்காலம் வீட்டில் கால் கழுவிவிட்டு வந்தேன். என் ஈரத்தடத்தில் தோல் ஒரு துண்டு கிடந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு என் காலைப் பிடித்துத் திருப்பினாள். இரண்டு உள்ளங்காலும் வெந்து, கொப்புளம் உடைந்திருந்தது.

"வலிக்கலீங்களா?"

"இல்லியே" என்றேன். வலித்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மறுநாள் டாக்டர் புண்ணைக் கட்டிவிட்டு, கண்ணை மூடச் சொன்னார். நைலான் நரம்பு போன்ற ஓர் இழையால் இரண்டு காலிலும் தொடுவாராம், பட்டதும் நான் சொல்ல வேண்டுமாம். காத்திருந்தேன். வெகுநேரம் ஒன்றும் படவில்லை.

"ஆரம்பிங்க சார்" என்றேன்.

கண்ணைத் திறந்தால், அவர் இழையை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"புண்ணு ஆறலாம். போன உணர்ச்சி திரும்பறது கஷ்டம்" என்றார். "சீழ் உள்ள எறங்குச்சின்னா கால எடுக்க வேண்டி வரும். சர்க்கரைய இப்படியே வுட்டா கையும் இதே மாதிரி மரத்துப்போவும்."

ஏமாந்தது யார் என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த இரண்டு மாதம் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் காலைப் பார்க்க மாட்டேன், மனைவியின் முகத்தைத்தான் பார்ப்பேன். அவள் புருவம் சுருங்கினால், "சீழா?" என்று கேட்பேன். மாத்திரை நேரம் தவறவில்லை. சோறு அளவோடு, காய் தாராளமாக. பரோட்டாக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கால் தப்பியது.

அன்று வெளியே குதித்த பெண்தான் இப்போது சூளைத் தரையில் கால் வைக்கிறாள். நான் ஷூவோடு வெளியே நின்று சரக்கை வாங்கி அடுக்குகிறேன். தினமும் படுக்கப் போகுமுன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன்.

காலையில் சர்க்கரை போடாத டீ வந்ததும் உடனே குடிக்க மாட்டேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். விரல் சுட்டால்தான் நிம்மதி. ஒருநாள் எவ்வளவு நேரம் பிடித்தும் சுடவில்லை. மனைவியைக் கூப்பிட்டு டம்ளரை நீட்டினேன்.

"இது சுடுதா பாரு."

அவள் வாங்கி என் முகத்தையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சிங்க" என்றாள். "கேஸ் தீந்துடுச்சி, வெதுவெதுன்னுதான் எறக்கினேன்."

அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.