நாற்பத்தெட்டா, ஐம்பத்தொன்றா?

சுவிட்சைப் போட்டதும் ‘ஙொய்...’ என்று ஒரு மெல்லிய சத்தம். கண்ணாடிப் பக்கம் கையைக் கொண்டுபோனால் முடியெல்லாம் எழுந்து நிற்கும். கூடவே சூடான தூசி வாசனை...

வீடியோ கேம் கடைக்குள் ஒருதடவையாவது போனவர்களுக்கு அது நினைவிருக்கும்.

2000 தாண்டி ஓரிரண்டு வருஷம் இருக்கலாம். மில் வேலை போன பிறகு என் மனைவியின் தம்பி சேகர் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கேம் கடை வைத்தான். ஆள் உயரத்தில் இரண்டே மெஷின். அதில் ஒன்றுக்கு பிக்சர் ட்யூப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீராம்பட்டினத்தில் தேர்த்திருவிழா. ஊருக்கே லீவு, வருஷத்தில் பெரிய கூட்டம் அன்றைக்குத்தான். அதற்குள் சென்னை போய்ப் பழைய ட்யூப் ஒன்று வாங்கிவர வேண்டும். அங்கிருந்த கடைக்காரர் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்... எத்தனை இஞ்ச் என்று தெரிந்துகொண்டு வா, மாற்றித் தர மாட்டேன்.

மெஷினில் ஸ்டிக்கர் எப்போதோ உரிந்துபோயிருந்தது. டி.வி. மெக்கானிக்கைக் கேட்டால், பத்தொன்பதும் இருக்கும், இருபதும் இருக்கும் என்றார். கரண்டை நிறுத்தினாலும் உள்ளே ஷாக் அடிக்கும், கை வைக்காதீர்கள் என்று மிரட்டியும் போனார்.

“மாமா, நீங்க சர்வே ஆபீஸ் ஆளு. ஊரையே அளந்தவரு. இத அளந்து சொல்லுங்க” என்றான் சேகர்.

எனக்கு ஒரு பழக்கம். எதையும் மூன்றுதடவை அளப்பேன், மூன்றும் ஒத்துப்போனால்தான் எழுதுவேன். மூலைக்கு மூலை பிடித்தேன். 48.2 சென்டிமீட்டர். மூன்றுதடவையும் அதேதான். 2.54-ஆல் வகுத்து, ‘19’ என்று சீட்டில் எழுதிக்கொடுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். எங்கள் வீட்டு டி.வி. இருபது இஞ்ச். அட்டைப்பெட்டியில் 51 செ.மீ. என்றே போட்டிருக்கும். சும்மா சரிபார்க்கலாமே என்று டேப்பை வைத்தேன்.

“காலங்காத்தால என்ன? டி.வி.க்கு சட்ட தைக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி.

டேப்பில் 48 தான் இருந்தது.

இன்னொருதடவை பிடித்தேன். 48. அப்போதுதான் புரிந்தது, மீதிக் கண்ணாடி பிளாஸ்டிக் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ட்யூப்பின் அளவு என்றால் அதையும் சேர்த்துத்தான். மூன்றுதடவை சரியாகத்தான் அளந்தேன்... வெளியே தெரிந்ததை மட்டும்.

அப்படியானால் மெஷினுக்கும் இருபதுதான். சேகர் காலை பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பான், அவனிடமும் செல் இல்லை, என்னிடமும் இல்லை. சைக்கிளை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் சென்னை பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் சேகர். கத்திக் கூப்பிட வேண்டும், எனக்கு வாய் வரவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் நான் எப்போது சத்தம் போட்டிருக்கிறேன்? சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்தேன். மூடினேன். மறுபடி விரித்தேன். அவனும் சிரித்துக்கொண்டே கையாட்டினான். பஸ் போய்விட்டது.

அன்றைக்கு ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை. டாட்டா காட்டியதாக நினைத்திருப்பானோ... நானே அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சாயங்காலம் மடியில் ட்யூப்போடு ஆட்டோவில் வந்து இறங்கினான். இருபது இஞ்ச். சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

“எப்படிடா புரிஞ்சுது?”

“டாட்டா காட்ட நீங்க சைக்கிள கீழ போட்டுட்டு நிக்க மாட்டீங்க மாமா.”

இப்போது போன் பெட்டியிலேயே இஞ்ச் அச்சாகி வருகிறது. கண்ணாடிக்குச் சட்டமும் இல்லை, அளக்க யாரும் என்னைக் கூப்பிடுவதும் இல்லை. அந்தக் கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள்.

சேகருக்கும் தலை நரைத்துவிட்டது. மார்க்கெட் பக்கம் எதிர்ச்சாரியில் என்னைப் பார்த்தால் கூப்பிட மாட்டான். பையைக் கீழே வைத்துவிட்டுப் பத்து விரலை இரண்டுதடவை விரிப்பான்.

நானும் பையைக் கீழே வைப்பேன்.