ரொட்டேஷன்

அபுதாபியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க ஜனாதிபதிகளை எதற்கு உருப்போட வேண்டும் என்று, மகளை அந்த அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து நான் புலம்பாத வாரமில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஸ்பாயில்ஸ் சிஸ்டம்னா என்னன்னு தெரியுமா?"

"நேத்து உங்கம்மா வச்ச சாம்பார்" என்றேன்.

அடுப்படியில் பாத்திரம் ஒன்று 'ணங்'கென்று விழுந்தது. மகள் சிரிக்கவில்லை. கெட்டுப்போனது இல்லையாம், சண்டையில் ஜெயித்தவன் அள்ளிக்கொண்டு போகிற கொள்ளைப் பொருளாம். இருநூறு வருஷத்துக்கு முன்னால், சாதாரண ஜனங்களின் ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அங்கே ஜனாதிபதி ஆனார். வேலை கேட்டு வந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்களாம். பல வருஷமாக உட்கார்ந்திருந்த தபால் அதிகாரிகள், குமாஸ்தாக்கள் என்று கொஞ்சம் பேரை எழுப்பிவிட்டு, தனக்காக உழைத்தவர்களை அந்த நாற்காலிகளில் உட்கார வைத்தார்.

"அட, நம்ம ஊரு மாதிரியே இருக்கே!" என்றேன். சுவாரஸ்யமாகத்தான் இருந்தது, அடுத்த பத்தியை அவள் வாசிக்கும்வரை.

"இதுக்கு அவங்க வச்ச பேரு ரொட்டேஷன். கவர்மென்ட் வேலை யாருக்கும் சொந்தமில்ல, எல்லாருக்கும் டர்ன் வரணும்னு சொல்லி அனுப்பினாங்களாம். எவ்ளோ டீசன்டான வேர்ட் பாருங்கப்பா!"

எனக்குச் சுருக்கென்றது.

முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு நான் இன்சார்ஜ். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த நாற்காலி கிடைத்த நேரத்தில்தான் மனைவியின் தம்பியும் ஊரிலிருந்து வந்து இறங்கி என்னிடமே வேலைக்குச் சேர்ந்தான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கே அவன் அழ, வீட்டில் இவள் அழ, எனக்குக் காதே வலித்தது. ஏசி உள்ள இடம் டூல் ஸ்டோர் ஒன்றுதான். அதில் பதினோரு வருஷமாக ஒரு தென்காசிக்காரர் இருந்தார். என்னைவிட மூத்தவர், இருந்தாலும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சாரத்திலிருந்து விழுந்து முட்டி போனதால் பழைய இன்சார்ஜ் அவரை அங்கே உட்கார வைத்திருந்தார். எந்த ஸ்பானர் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். அவர்மேல் ஒரு புகார் கிடையாது.

இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற ருவைஸ் சைட்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று ஆபீஸில் கேட்டார்கள். அவர் பெயரைக் கொடுத்தேன். முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லத் துப்பில்லை.

"ரொட்டேஷன் பாலிசி வந்திருக்கு. எல்லாரும் எல்லா இடமும் பாக்கணுமாம்" என்றேன்.

பாலிசியும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. "சரி அண்ணாச்சி" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். அங்கே அவருக்கு மறுபடியும் சாரம் ஏறுகிற வேலை. மச்சினன் அன்றைக்கே ஸ்டோரில் போய் உட்கார்ந்தான். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான்.

"அந்தப் பழைய ஆளுங்க அப்புறம் என்னப்பா ஆனாங்க? புக்ல போடலையே" என்றாள் மகள்.

"எனக்கென்ன தெரியும்? போய் உங்க மிஸ்ஸைக் கேளு!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், குழந்தை முகம் வாடிப்போய்விட்டது.

கீழே காருக்குள் போய் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. ஒரே ரிங்கில் எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி! நீங்களே கூப்பிட்டுட்டியளே! என் டர்ன் வந்துட்டோ?"

"என்ன டர்ன்?"

"ரொட்டேஷன்னு சொன்னியள்லா? அப்ப சுத்தி வரணும்லா! 'உம்மளக் கழட்டி விட்டாச்சுவே'ன்னு ரூம்ல பயலுவ கேலி பண்ணுதானுவ. எங்க அண்ணாச்சி அப்படிச் செய்யமாட்டாவன்னு நானும் சொல்லிக்கிட்டே கெடக்கேன். முட்டிதான் முன்ன மாதிரி இல்ல. அது கெடக்கட்டும், எப்ப வரட்டும்?"

'மன்னிச்சிடுங்க, உங்களைக் கழட்டித்தான் விட்டேன்' என்று சொல்லத்தான் போன் போட்டிருந்தேன்.

"பாக்குறேன்" என்றேன். வெட்கங்கெட்ட வாய்க்கு அதுதான் வந்தது.

அதையும் அவர் நம்பினார்.

"நல்லது அண்ணாச்சி. பெட்டிய இன்னைக்கே கட்டிருதேன்."