மரியநாயகம் பொறுமைசாலி அல்லர்

செய்தியைக் கொண்டுவந்தவர் மரியநாயகத்தின் தம்பி அந்தோனி. குருநகரிலிருந்து உரும்பிராய்வரை சைக்கிளில் வந்தவர், என் படலையைத் திறக்கவில்லை, இறங்கவுமில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "மாஸ்டர், அண்ணை விடிய எங்களை விட்டுப் போட்டார்." நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கையிலிருந்த தாளைத் திருத்தி, புள்ளியைக் கூட்டி எழுதிய பிறகே எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி கேட்ட நண்பர்கள் தலைப்பையும் தாங்களே எழுதித் தந்தார்கள்: 'பொறுமையின் உறைவிடம்.' அடக்கத்தின்போது உரையாற்றிய மூவரில் இருவர் அந்தச் சொல்லையே சொன்னார்கள். நான் அந்தத் தலைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மரியநாயகம் பொறுமைசாலி அல்லர். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை அளந்து அறிந்தவர். இரண்டும் வேறு. அந்த வேறுபாட்டை அவரிடம் கற்றவன் நான். தேவைப்பட்ட நாளில் அதை மறந்தவனும் நான். ஆகவே அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். குருநகரில் வலைகளுக்கு நடுவே பிறந்து, பல்கலைக்கழகம் சென்று, நுவரெலியாவில் பதினொரு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தார். அங்குள்ள குளிர்ந்த ஓடைகளில் வெள்ளைக்காரத் துரைமார் விட்டுச் சென்ற மீன்களும், அவற்றைப் பிடிக்கும் ஒரு விசித்திரமான முறையும் எஞ்சியிருந்தன. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவருடைய வீடு எரிந்தபோது அவர் ஓடைக்கரையில் நின்றிருந்தார். திரும்பி வந்தபோது சான்றிதழ்கள் இல்லை, கட்டில் இல்லை. கையிலிருந்த தூண்டில் தடியும் இறகுப் பெட்டியும் மட்டும் இருந்தன. அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் அந்தத் தடியோடுதான் காங்கேசன்துறையில் இறங்கினார். "பதினொரு வருசம் உத்தியோகம் பார்த்திட்டு வந்தவர், ஒரு கம்பும் ஒரு பெட்டி இறகும்தான் கொண்டு வந்தவர்" என்று அந்தோனி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மானிப்பாயில் எங்கள் பாடசாலையில் அவருக்குத் தற்காலிக இடம் கிடைத்தது. அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. ஆசிரியர் அறையில் யன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடப்பேன். வானொலிச் செய்திக்கு முன்பும் நடப்பேன், பின்பும் நடப்பேன். மரியநாயகம் ஒரு கிழமை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், சீமெந்து தேயுது. பின்னேரம் மைதானத்துக்கு வாங்கோ, மீன் பிடிக்கப் பழகுவம்."

"மைதானத்திலையோ? நான் மச்சம் சாப்பிடாத ஆளெண்டு தெரியுந்தானே."

"தெரியும். அதுதான் உங்களைக் கேட்டனான். சாப்பிடுறவன் அவசரப்படுவான்."

ஓர் ஆறுகூட இல்லாத குடாநாட்டில், புல் பாதி காய்ந்த மைதானத்தில், ஈத்தூண்டில் பழகத் தொடங்கினேன். இரையில்லை. இறகும் நூலும் சுற்றி ஒரு பூச்சியைப்போலச் செய்த சிறு கொளுக்கிதான் 'ஈ'. சாதாரணத் தூண்டிலில் கட்டிய ஈயக்குண்டின் பாரம் கயிற்றை இழுத்துச் செல்லும். ஈக்குப் பாரமில்லை. எனவே இங்கே எறியப்படுவது கயிறுதான். தடித்த, மெழுகு பூசியதுபோன்ற கயிறு. தடியைப் பின்னால் உயர்த்தும்போது கயிறு தலைக்கு மேலாகப் பின்னே பறக்கிறது. அது முழுவதும் நீண்டதும் முன்னால் வீச வேண்டும். பழகும்போது கொளுக்கி வேண்டாமென்று நுனியில் ஒரு துண்டுச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டினார். கை விரிந்து அலையாதிருக்க என் முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே நான் கணித வகுப்புக்குக் கொண்டுபோகும் மடக்கை அட்டவணைப் புத்தகத்தையே செருகினார். அது விழுந்தால் வீச்சுப் பிழை.

முதல் நாள் அது விழுந்தபடியே இருந்தது. அதைவிடப் பெரிய பிழையை இரண்டாம் நாள் செய்தேன். பின்னால் போன கயிறு நீளுமுன் முன்னால் இழுத்துவிட்டேன். சவுக்கு வெடித்ததுபோல் 'படீர்' என்றது. வீதியால் கத்தரிக்காய்ச் சாக்கோடு போன ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படியொரு சத்தம் கேட்டால் எவரும் செய்வது அதுதான். எழுந்து எங்களைக் கண்டதும், சாரத்தைத் தட்டிக்கொண்டே, "வாத்திமாருக்கு வேறை விளையாட்டுக் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார். மரியநாயகம் ஓடிப்போய்க் கத்தரிக்காய் பொறுக்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்து அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "நீங்கள் முந்திட்டியள் மாஸ்டர். தலையைத் திருப்பிக் கயிறைப் பாருங்கோ. அது நேராகிற கணம் ஒண்டு வரும். அதுவரைக்கும் பொறுக்க வேணும். அதுக்கு மேலையும் பொறுத்துக்கொண்டு நிண்டால் கயிறு நிலத்திலை விழுந்திடும். பிறகு என்ன பலம் குடுத்தாலும் எழும்பாது." நான் அவசரக்காரன், எனவே முதற்பாதியை மனதில் எழுதிக்கொண்டேன். இரண்டாம் பாதி எனக்குத் தேவைப்படும் என்று தோன்றவில்லை.

அடுத்தது முடிச்சு. கயிற்றின் நுனியில் தங்கூசி என்னும் மெல்லிய நைலோன் இழை, அதன் நுனியில் ஈ. தங்கூசி வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது. ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைத் திரும்பக் கோத்து, எச்சிலால் நனைத்து இறுக்குவார். மிஞ்சியதைப் பல்லால் கடித்து எறிவார். "இது அவிழாது. வேணுமெண்டால் வெட்டுங்கோ" என்பார். பிறகு அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. பரீட்சைத்தாள் கட்டு, செருப்பு வார், சைக்கிள் மணி, எல்லாவற்றிலும் அந்த ஐந்து சுற்று இருக்கும். அவர் கட்டியதைத் திறக்க அலுவலகத்தில் கத்தரிக்கோல் தேடுவது எங்களுக்கு வழக்கமான சலிப்பு.

மூன்று மாதத்தின் பின் கொடிகாமத்துக்குப் பஸ் எடுத்து, அங்கிருந்து கச்சாய்க் கடலேரிக்குப் போனோம். வேடிக்கை பார்க்க அந்தோனியும் வந்தார். வெறுங்கையோடு வீடு திரும்ப மனமில்லாமல் வீச்சுவலையையும் தோளில் போட்டு வந்தார். முழங்கால் நீரில் நின்று நான் வீசினேன், எடுத்தேன், திரும்ப வீசினேன். ஈ தண்ணீரில் தங்குவதற்கு நான் விடவேயில்லை.

"மாஸ்டர்," என்றார் மரியநாயகம், "உங்கடை ஈ தண்ணியிலை இருக்கிறதை விட ஆகாயத்திலை இருக்கிற நேரம்தான் கூட. எங்கடை ஊர் மீன் பறக்காது."

"கொஞ்சம் பொறு அண்ணை, கொக்கு ஏதும் பிடிபடும்" என்றார் அந்தோனி.

வெட்கத்தில் ஒரு முறை அசையாமல் நின்றேன். அப்போதுதான் கொடுவா அடித்தது. முழங்கை நீளம்கூட இராது; ஆனால் தடி வளைந்த வளைவு என் முதுகெலும்பில் ஏறியது. கரைக்கு இழுத்ததும் மரியநாயகம் நீருக்குள்ளேயே கொளுக்கியைக் கழற்றி, மீனை இரு கைகளாலும் தாங்கி, அது வாலை அசைக்கும்வரை வைத்திருந்து விட்டுவிட்டார். அதேகணம் அந்தோனியின் வலை விரிந்து அதன்மேல் விழுந்தது.

"டேய், அது மாஸ்டர் விட்ட மீன்."

"ஓம், அவர் விட்டவர். நான் பிடிச்சனான். இதிலை என்ன பிழை? மச்சம் தின்னாதவருக்குப் பிடிக்கிற சந்தோசம், எனக்குக் குழம்பு."

மரியநாயகம் தண்ணீருக்குள் உட்கார்ந்து சிரித்தார். நான் அவரை அப்படிச் சிரிக்கக் கண்டது அந்த ஒரு நாள்தான்.

பின்வந்த ஆண்டுகளை இங்கே விரிக்கத் தேவையில்லை. வாசிப்பவர்கள் எல்லோரும் அவற்றுக்குள்தான் இருக்கிறோம். கரைக்குப் போக முடியாத காலம் வந்தது. பிறகு மைதானமும் இல்லாமல் போனது. அதன்பின் அவருடைய இருதயத்தில் ஒரு வால்வு பழுதென்று வைத்தியர் சொன்னார். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அதை ஏன் இங்கே செய்ய முடியாதிருக்கிறது என்பதும், மருந்துகளை மறிக்கும் கொழும்பு அரசின் தடைதான் அதற்குக் காரணம் என்பதும் உங்களுக்குத் தெரியும். இங்கிருந்து போவதற்கும் எங்கள் பக்கத்து ஆட்களிடமே ஓர் அனுமதி வேண்டும். அதை வழங்கும் அலுவலகத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நீங்களும் அங்கே அந்த நீண்ட மரவாங்கில் உட்கார்ந்து காத்திருந்திருப்பீர்கள்.

போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். நான் கையொப்பமிட்டேன். வைத்தியரின் கடிதம், எக்ஸ்றே படம், விண்ணப்பம், என் பிணைத்தாள் எல்லாவற்றையும் ஒரு நீல அட்டைக் கோவையில் வைத்து, கோவை நாடா எங்கும் கிடைக்காததால், மரியநாயகம் தங்கூசியால் கட்டினார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் எங்களிடம் படித்தவர். மடக்கை அவருக்கு நான் கற்பித்தது.

"தம்பி, உதைத் திறக்கக் கத்தரிக்கோல் வேணும்" என்றார் மரியநாயகம்.

"அது இருக்கு, சேர். வாற செவ்வாய் வாங்கோ."

அடுத்த செவ்வாய் போனோம். "பார்த்துக்கொண்டிருக்கினம், சேர்." அதற்கடுத்த செவ்வாய்: "மேலை அனுப்பியிருக்கு, சேர்." ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய மாணவர் எழுந்து நின்றே பதில் சொன்னார். அந்த மரியாதையில் நான் மயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆறாவது செவ்வாயில் மரியநாயகம் வாங்கிலிருந்து எழுந்தார். மூச்சு வாங்கியது, குரல் மட்டும் நேராக இருந்தது.

"தம்பி, டொக்டர் சொன்ன தவணை முடிஞ்சுது. மேலை எண்டால் எங்கை, ஆரிட்டை? சொல்லும், நானே போய்க் கதைக்கிறன்."

உள்ளறைக் கதவை நோக்கி நடந்தார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். "பொறுங்கோ மரியநாயகம். எங்கடை பிள்ளைதானே. செய்வான்."

அவர் என் கையை விலக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "பொறுக்கச் சொல்லி நான்தான் உங்களுக்குப் பழக்கினனான், மாஸ்டர். நீங்கள் பாதியைத்தான் கேட்டிருக்கிறியள்." பிறகு வாங்கில் வந்து உட்கார்ந்தார். எனக்காகவே உட்கார்ந்தார். இன்னும் மூன்று செவ்வாய்க்கிழமைகள் போயின. ஒன்பதாவது செவ்வாயின் பின் வந்த வியாழக்கிழமை விடியற்காலையில் அவர் இறந்தார். இதைத்தான் பொறுமை என்று சொல்லிப் பாராட்டினார்கள்.

அடக்கம் முடிந்து அடுத்த செவ்வாய் நான் தனியாகப் போனேன். அவருடைய மனைவி றெஜினா அந்த எக்ஸ்றே படத்தையும் கடிதத்தையும் கேட்டிருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் வழமைபோல எழுந்தார்.

"கேள்விப்பட்டனான், சேர். நல்ல பொறுமையான மனிசன்."

"கோவையைத் தாரும்."

"அது மேலை போனதெல்லே, சேர். வாற செவ்வாய் வந்தீங்களெண்டால்…"

அவருக்குப் பின்னால் சுவரோரம் ஒரு இறாக்கை. கீழ்த்தட்டில் கோவைகள் அடுக்கியிருந்தன. அடுக்கின் அடியில், ஒரு நீல விளிம்பில், தங்கூசி மினுங்கியது. நான் மேசையைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்து அதை இழுத்தெடுத்தேன். மேலிருந்தவை சரிந்தன.

"சேர், உதை அப்பிடி எடுக்கேலாது."

"எடுத்தாச்சு" என்றேன். வெளியே வந்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. ஆறாவது செவ்வாயில் அவர் அந்தக் கதவுவரை நடந்திருந்தாலும் ஒருவேளை ஒருவரும் தடுத்திருக்கமாட்டார்கள். தடுத்தவன் நான் ஒருவன்தான்.

றெஜினா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். கோவையை மடியில் வைத்து முடிச்சைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "எனக்கு வேண்டாம், மாஸ்டர். நீங்கள் வைச்சிருங்கோ. நான் வெட்டினால் பிறகு ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடும்."

தடி அந்தோனியிடம் இருக்கிறது. அவர் அதைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். மரியநாயகத்திடமிருந்து என்னிடம் இருப்பது நான் கேட்காமல் விட்ட அந்தப் பாதி வாக்கியமும், உரும்பிராயில் என் மேசையின் மேலிருக்கும் இந்த நீலக் கோவையும்தான். அது பார்க்கப்பட்டது, மேலே அனுப்பப்பட்டது, பரிசீலிக்கப்பட்டது என்று சொல்ல விரும்புகிறவர்கள் எந்தக் கிழமையிலும் வரலாம். செவ்வாய்வரை காத்திருக்கத் தேவையில்லை. முடிச்சு அவர் கட்டியபடியே இருக்கிறது. ஐந்து சுற்று. எண்ணிப் பார்க்கலாம்.