அத்தை ஊற்றிய பச்சைப்பால்

என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தேனி டாக்டர் சொன்னதை நான் பாதிதான் கேட்டேன். மாத்திரை கொடுத்தேன், கூடவே கீழாநெல்லியை அரைத்து, காய்ச்சாத பச்சைப்பாலில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தேன். கூடலூரில் காமாலை வந்த எந்த வீட்டில் இது நடக்காது? எங்கள் தெருவில் மாடு வைத்திருந்த அத்தைதான் பால் ஊற்றினார். சொந்தமில்லை, தெருவுக்கே அவர் அத்தை.

கறந்த பாலை வீடுகளுக்கு விற்கிறவர்கள் பதிவு செய்ய வேண்டும், மாட்டுக்கு ரத்தச் சோதனையும் வேண்டும் என்று ஆபீசர்கள் வந்து ரத்தம் எடுத்துப் போயிருந்தார்கள். ஒரு நாள் காலையில் திரும்ப ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அத்தை மாட்டுக்குக் கன்று வீச்சு நோயாம். மாசம் நிறையாமலே கன்று விழுந்துவிடுமே, அது.

"இந்த மாட்டுப் பாலை இனி யாருக்கும் ஊத்தக் கூடாது. காய்ச்சிக் குடிச்சவங்க பயப்பட வேண்டாம். பச்சையா குடிச்சவங்க உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க, இது மனுசருக்கும் தொத்தும்" என்றார் மாட்டு டாக்டர்.

ஏற்கெனவே எழுந்து உட்கார முடியாமல் கிடக்கிற மனுஷன்! ஜீப் கிளம்பியதும் அத்தை வீட்டுக்குள் ஓடினேன்.

"என் தாலிக்கு உலை வச்சிட்டீகளே அத்தை! அம்புட்டையும் பச்சையாத்தானே அவுகளுக்குக் கொடுத்தேன்!"

அத்தை என் வாயைப் பொத்தினார். "கத்தாத தாயி. ஒனக்கு நான் பச்சைப்பாலே தரல. காய்ச்சி, வெதுவெதுன்னு ஆத்தித்தான் ஊத்துனேன். மாடு கன்னு வீசுனதுல இருந்தே எனக்கு மனசு சரியில்ல. ஒன் வீட்டுக்காரரு நோவுல கெடக்காகளேன்னு பயந்தேன்."

ஏமாற்றியிருக்கிறார் பாருங்கள்! கோபம் வந்தது. ஆனால் போன உயிரும் திரும்பி வந்ததே, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"அப்ப மத்தவுகளுக்கு?"

"அவுக எல்லாரும் காய்ச்சித்தானே குடிக்கிறாக."

"வெள்ளிக்கெழம கோயிலுக்குக் கொடுத்தீகளே?"

அத்தை விழித்தார். "சாமிக்குக் காய்ச்சுன பாலை ஊத்தலாமா? அது கறந்தபடிக்கே கொடுத்தது."

அம்மனுக்கு அபிஷேகம் ஆன அந்தப் பாலைத் தெருவே கையேந்தி வாங்கிக் குடித்திருந்தது. என் வீட்டுக்காரர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நான் ஒரு சொம்பில் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தேன். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியவரை, "சாமி பால், மிச்சம் வைக்கக் கூடாது" என்று அதட்டி, முழுவதையும் குடிக்க வைத்தேன்.