பதினெட்டு நகம்

எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு முன்னங்கால்களின் உள்பக்கம், தரையைத் தொடாமல் கொஞ்சம் மேலே தள்ளி, காலுக்கு ஒன்றாகக் கட்டைவிரல் உண்டு. எல்லா நாய்க்கும் இருப்பதுதான். அதை எடுப்பதா விடுவதா என்பதில் எனக்கும் அடையாறில் நாய் பழக்குகிறவருக்கும் ஓயாத தகராறு.

"ஓடற நாய்க்கு இது இன்னாத்துக்கு நைனா? முள்ளுல மாட்டிச்சுன்னா பிச்சுக்கினு பூடும். டாக்டராண்ட சொல்லி எடுத்துடு" என்பார், பார்க்கும்போதெல்லாம்.

தேனாம்பேட்டையில் கால்நடை மருத்துவர் வேறு மாதிரி சொன்னார். "உள்ள எலும்பு இருக்கு சார். வேகமா ஓடித் திரும்பும்போது அதைத்தான் ஊனும். உறுதியா இருக்கறத ஏன் எடுக்கணும்?" கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும், வேலைக்குச் சோம்பல்பட்டுச் சொல்கிறாரோ என்று அவர் மேலும் எனக்கு ஒரு சந்தேகம். "நீங்க சாமிகிட்டயே ரசீது கேக்கற ஆளு" என்று என் மனைவி சொல்வது சும்மா இல்லை.

எப்படியோ, விரல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் திருச்சியில் ஒரு கல்யாணம். நான்கு நாள் நாயை விட்டுப்போக அந்தப் பழக்குகிறவரை விட்டால் ஆளில்லை. நான் இல்லாத நேரம் பார்த்து விரலை எடுத்துவிட்டால்? கிளம்புமுன் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, முன்னே ஐந்தைந்து, பின்னே நாலு நாலு என்று நகங்களைச் சத்தமாக எண்ணினேன். பதினெட்டு.

"சலவைக்குப் போடற துணி மாதிரி எண்ணுறியே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, 'கால் போட்டோ அனுப்புங்க' என்று செய்தி போட்டேன். பதில் இல்லை.

திரும்பி வந்து பார்த்தால் இடது முன்னங்காலில் கட்டு.

"அறுத்துட்டியாய்யா?" என்று கத்தினேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

அவர் கட்டைப் பிரித்தார். விரல் இருந்தது. நகமும் இருந்தது, குட்டையாக. பக்கத்துச் சதையில் சிவப்பாக ஒரு குழி.

"தரையில தேயாத நகம் நைனா இது. வளைஞ்சு சதைல குத்திக்கினு இருந்துச்சு. டாக்டராண்ட இட்டுனு போய் வெட்டினேன். பதினெட்டு, பதினெட்டுன்னு எண்ணினியே, பாத்தியா?"

எண்ணும்போது அந்த நகத்தைத் தொட்டிருக்கிறேன். நாய் காலை இழுத்துக்கொண்டது. கூச்சம் என்று நினைத்தேன்.

"விரல் வேணும்னா நகத்த வெட்டிக்கினே இருக்கணும். இல்லாங்காட்டி எடுத்துடு. வலது கால நான் தொடல. நீயே பாரு."

அந்த நகமும் அரைவட்டம் போட்டிருந்தது. சதைக்கு ஒரு நூல் இடைவெளிதான். நகவெட்டியைக் கேட்டு வாங்கினேன். காலைப் பிடிக்கப் போனேன். நாய் வெடுக்கென்று உதறிவிட்டு அவர் பின்னால் போய் நின்றுகொண்டது.

"அதுக்கு உன் மேலதான் டவுட்டு" என்றவர், குனிந்து அவரே காலைப் பிடித்துக்கொண்டார். "நுனிய மட்டும் வெட்டு. மெதுவா."